வெயில் பொது, கூரை யாருடையது?

வெயிலுக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது. துரை பங்களாவின் ஓட்டின் மீதும், லயன் வீட்டுத் தகரத்தின் மீதும் அது ஒன்றுபோலவே காய்கிறது. ஆனால் அந்த வெயிலைப் பிடித்து மின்சாரமாக்கி வீட்டுக்குள் கொண்டுவர இன்று ஏறக்குறைய 20,000 வெள்ளி வேண்டும். அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்ற இடத்தில்தான் பேதம் தொடங்குகிறது.

நம் சுங்கை பாக்காப் வட்டாரம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டமாக இருந்தது. பிறகு கித்தா வந்தது. கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை வந்தது. இப்போது தாமான்களும் தொழிற்சாலைகளும் வருகின்றன. சிம்பாங் அம்பாட், பத்து காவான் பக்கத்துப் புது வீடுகளின் கூரைகளில் கருநீலத் தகடுகள் பளபளப்பதைத் தோழர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். "சோலார் போட்டால் கரண்டு பில்லே வராதாமே, கிராணியாரே! நாமும் போடலாமா? கடன் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். தரகர்களும் வண்ணத் தாள்களோடு வந்து போகிறார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் சொல்வதைவிடப் பத்திரிகையில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குறைந்த மின்சாரம் எரிக்கும் தொழிலாளி, கடன் வாங்கித் தன் ஒரு வீட்டுக்கு மட்டும் சூரியத் தகடு போடுவது நஷ்டம். தோட்டம் முழுவதற்குமாகச் சேர்த்துப் போடுவது லாபம். அந்தச் செலவு கூரைக்குச் சொந்தக்காரரைச் சேர்ந்தது. கூரையின் கீழ் குடியிருப்பவரைச் சேர்ந்ததன்று. இதற்கான காரணங்களைக் கணக்கோடு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலை இறங்கிய வரலாறு

1954 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் பல ஒன்றாக இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று என்பது நாம் அறிந்ததே. அதே 1954 இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், சிலிக்கனால் செய்த சூரிய மின்கலத்தை முதன்முதலாக உலகுக்குக் காட்டினார்கள். அதன் மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று சந்தையில் விற்கும் தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேல் தருகின்றன.

தொடக்கத்தில் அது விண்கலங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான பொருளாக இருந்தது. 1970களின் நடுவில்கூட ஒரு வாட்டுத் தகட்டுக்கு இன்றைய மதிப்பில் நூறு அமெரிக்க டாலர் அளவுக்கு விலை இருந்தது. இன்று அதே ஒரு வாட்டு அரை டாலருக்கும் மிகக் கீழே வந்துவிட்டது. இவ்வளவு விலை இறங்கியதற்குத் தொழிற்சாலைகளில் உழைத்த கோடிக் கைகள் ஒரு காரணம். அவற்றுள் நம் வட்டாரத்துக் கைகளும் உண்டு. நமக்கு அண்டையிலுள்ள கூலிம் தொழிற்பேட்டையில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் ஏறக்குறைய 2008 முதல் தகடு செய்து வருகிறது. பிறையில் ஜின்கோ சோலார் 2015 இல் தொழிற்சாலை தொடங்கியது. தோட்டத்திலிருந்து வெளியேறிய நம் பிள்ளைகள் பலர் பிறையிலும் கூலிமிலும் தொழிற்சாலைச் சீருடையில் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். பால் வெட்டியவன் வீட்டில் மெத்தை இல்லாத காலம் ஒன்று இருந்தது. தகடு செய்பவன் வீட்டில் தகடு இல்லாத காலம் இது.

20,000 வெள்ளியில் என்னென்ன அடங்கும்?

தகட்டின் விலை இறங்கினாலும் மொத்தச் செலவு அதே அளவுக்கு இறங்கவில்லை. ஏனெனில் தகடு ஒரு பகுதிதான். தகட்டில் உண்டாகும் நேர் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறு மின்சாரமாக்க இன்வெர்ட்டர் வேண்டும். கூரையில் பிடித்து நிறுத்த அலுமினியச் சட்டங்கள் வேண்டும். கம்பி, பாதுகாப்புச் சுவிட்சு, புது மீட்டர், பதிவு பெற்ற குத்தகையாளர் கூலி, தெனாகா நேஷனலுக்கும் நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்துக்கும் செய்யும் விண்ணப்பச் செலவு எல்லாம் சேர வேண்டும். இப்படியெல்லாம் கூட்டித்தான் 4 அல்லது 5 கிலோவாட் அமைப்புக்கு ஏறக்குறைய 20,000 வெள்ளி ஆகிறது. குத்தகையாளரைப் பொறுத்துச் சில ஆயிரம் கூடும், குறையும்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. தகடு 25 ஆண்டு உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்வெர்ட்டர் அத்தனை ஆண்டு தாங்காது. பத்து, பன்னிரண்டு ஆண்டில் ஒரு முறை மாற்ற வேண்டி வரலாம். அதற்குச் சில ஆயிரம் வெள்ளியை ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு தகடு 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. பத்துத் தகடு என்றால் 200 கிலோவைத் தாண்டும். கறையான் அரித்த சட்டமும், துருப்பிடித்த தகரமும், பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸில் துளை போட்டால் எழும் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. கூரையைப் பழுது பார்க்கும் செலவைத் தரகரின் வண்ணத்தாள் பெரும்பாலும் சொல்வதில்லை.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. 20,000 வெள்ளி என்பது ஏறக்குறைய 12 மாதச் சம்பளம். ஓராண்டு முழுவதும் உண்ணாமல், உடுத்தாமல், பிள்ளைக்குப் புத்தகம் வாங்காமல் சேர்த்தால்தான் அந்தத் தொகை கைக்கு வரும்.

இரண்டு வீட்டின் கணக்கு

செக்ரோல் எழுதிப் பழகிய நாம் எதையும் எண்ணில் போட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை. எனவே இரண்டு வீடுகளை எடுத்துக் கொள்வோம்.

முதல் வீடு ஒரு பால்வெட்டுத் தொழிலாளியுடையது. நான்கு விளக்கு, இரண்டு விசிறி, ஒரு தொலைக்காட்சி, ஒரு ஐஸ்பெட்டி, சோற்றுப்பானை. மாதம் 200 யூனிட் எரிகிறது. 2025 ஜூலையில் வந்த புதுக் கட்டண முறைப்படி ஒரு யூனிட்டுக்கு ஆற்றல் கட்டணம் 27.03 காசு, திறன் கட்டணம் 4.55 காசு, கம்பிவழிக் கட்டணம் 12.85 காசு, ஆகக் கூடி 44.43 காசு. 200 யூனிட்டுக்கு 88 வெள்ளி 86 காசு. குறைவாக எரிப்போருக்கு யூனிட்டுக்கு 25 காசு தள்ளுபடி உண்டு. அது 50 வெள்ளி. கட்ட வேண்டியது 38 வெள்ளி 86 காசு.

இந்த வீட்டில் சிறிய 2 கிலோவாட் அமைப்பைப் போட்டு, பில்லை முழுவதுமாகவே ஒழித்துவிட்டோம் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு மிச்சம் 466 வெள்ளி. சிறிய அமைப்புக்குக் கிலோவாட் ஒன்றுக்கு விலை கூடுதலாகத்தான் வரும். 12,000 வெள்ளி என்று கொள்வோம். போட்ட முதல் திரும்பி வர 25 ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் தகட்டின் ஆயுளே முடிந்துவிடும். கடன் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 நேர்வட்டியில் 7 ஆண்டுக் கடன் என்றால் வட்டி மட்டும் 4,200 வெள்ளி; மாதத் தவணை 193 வெள்ளி. 39 வெள்ளி பில்லைத் தவிர்க்க மாதம் 193 வெள்ளி கட்டுவது எந்தக் கணக்குப் பாடத்தில் வரும்? இ-காசே பதிவில் உள்ள ஏழைக் குடும்பமாயின் மாதம் 40 வெள்ளி வரை அரசுத் தள்ளுபடி கிடைக்கிறது. அந்த வீட்டில் மிச்சப்படுத்துவதற்கே ஒன்றும் இல்லை.

இரண்டாவது வீடு தாமானில் ஒரு மாடி வீடு. மூன்று அறையிலும் ஏர்கோன். மாதம் 1,000 யூனிட். வரி சேர்க்காமலே பில் ஏறக்குறைய 450 வெள்ளி. 5 கிலோவாட் தகடு மாதம் ஏறக்குறைய 500 யூனிட் தரும். மாதம் 200 வெள்ளி மிச்சமானால் 20,000 வெள்ளி எட்டு ஆண்டு நான்கு மாதத்தில் திரும்பிவிடும்; அதன் பிறகு பதினைந்து ஆண்டுக்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

தகடு ஒன்றே, வெயில் ஒன்றே. ஆனால் அதிகம் எரிப்பவருக்கு லாபம், சிக்கனமாக எரிப்பவருக்கு நஷ்டம் என்று கணக்கு முடிகிறது. தரகர் காட்டும் உதாரணம் எப்போதும் இரண்டாவது வீடாகவே இருக்கும். கையெழுத்துப் போடச் சொல்வது மட்டும் முதல் வீட்டுக்காரரிடமும் நடக்கும். இதைத் தோழர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

சலுகை எந்தப் பக்கம் பாய்ந்தது?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். 2011 இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. சூரியமின்சாரம் தயாரிப்போரிடமிருந்து நல்ல விலைக்கு வாங்கும் திட்டம் அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கியது. அதற்கான நிதிக்கு மின்கட்டணத்தில் முதலில் நூற்றுக்கு 1 வெள்ளியும், 2014 முதல் 1 வெள்ளி 60 காசும் வசூலிக்கப்பட்டது. மாதம் 300 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு இதில் விலக்கு அளித்தது நியாயமான செயல், அதைப் பாராட்டுகிறோம்.

2016 இல் நிகர மீட்டர் திட்டம் வந்தது. 2019 முதல், கொடுத்த ஒரு யூனிட்டுக்கு எடுத்த ஒரு யூனிட் சரிக்குச் சரியாகக் கழிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் சோலாரிஸ் என்ற திட்டத்தின் கீழ், வீட்டுக்குத் தகடு போடுவோருக்குக் கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி வீதம் அதிகபட்சம் 4,000 வெள்ளி ரொக்கமாகத் தரப்பட்டது. 4,000 வெள்ளி நல்ல தொகைதான். ஆனால் மீதி 16,000 வெள்ளியைப் போட முடிந்தவருக்குத்தானே அந்த 4,000? அதுவும் கூரை சொந்தமாக இருந்து, மீட்டர் தன் பெயரில் இருந்தால்தான். லயனில் குடியிருப்பவர் விண்ணப்பத் தாளின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்.

நிகர மீட்டர் திட்டம் 2025 ஜூன் 30 ஆம் நாளோடு முடிந்தது. 2026 ஜனவரி முதல் சோலார் அத்தாப் என்ற புதுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. இதில் வீட்டார் வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு ஆற்றல் கட்டண அளவில்தான் மதிப்பு. மாதத்துக்குள் கழியாமல் மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வராது. அதாவது, பகலில் விளையும் மின்சாரத்தைப் பகலிலேயே வீட்டில் எரிப்பவருக்குத்தான் முழுப் பயன்.

பகலில் எரிப்பவர் யார்? இருட்டோடு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகும் தொழிலாளியா? புருஷனும் மனைவியும் வேலைக்காட்டில்; பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தகடு முழு மூச்சாக உழைக்கும் நேரத்தில் வீட்டில் ஐஸ்பெட்டி ஒன்றுதான் ஓடும். விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் வேண்டியிருப்பது சூரியன் போன பிறகு. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்கலாம் என்றால் பேட்டரிக்குத் தனியே பல ஆயிரம் வெள்ளி வேண்டும்.

மூன்று விதக் கூரைகள்

நம் மக்கள் இன்று மூன்று விதக் கூரைகளின் கீழ் வாழ்கிறார்கள்.

முதலாவது லயன் கூரை. அது தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 45 வயதுத் தொழிலாளி இன்று தகடு போட்டால் 60 வயதில் வெளியேறும்போது தகட்டுக்கு இன்னும் பத்தாண்டு ஆயுள் இருக்கும். பிடுங்கிக் கொண்டு போகவா முடியும்? கொல்லையில் நட்ட தென்னையை விட்டுவிட்டுப் போன நம் பெற்றோரைப் போல அதையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இரண்டாவது அடுக்குமாடிக் கூரை. தோட்டத்தை விட்டு வந்தோர் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அங்கே மேல்கூரை எல்லாருக்கும் பொது. ஒருவர் தனியே ஏறித் தகடு போட முடியாது. ஆனால் குடியிருப்போர் நிர்வாகக் குழு கூடித் தீர்மானித்தால் படிக்கட்டு விளக்கு, தண்ணீர் பம்பு, மின்தூக்கி ஆகியவற்றுக்கு அந்தக் கூரை மின்சாரம் தரலாம். மாதப் பராமரிப்புக் கட்டணம் குறையலாம்.

மூன்றாவது சொந்தக் கூரை. ஆயுளெல்லாம் சேமித்து நிலவீடு வாங்கியவர்கள். இவர்களுக்குத்தான் மேலே சொன்ன இரண்டு வீட்டுக் கணக்கு நேராகப் பொருந்தும். மாதப் பில் 200 வெள்ளியைத் தாண்டுமானால் யோசிக்கலாம். 100 வெள்ளிக்கும் கீழே என்றால் பணத்தைச் சேமநிதியிலேயே விட்டு வையுங்கள்.

வீட்டுக் கூரைகளை நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து மின்சாரம் தயாரிக்கும் ஏற்பாடு ஒன்றையும் 2025 இல் அரசு அறிவித்தது. முதல் போடாமலே வாடகை வரும் என்பதால் சொந்தக் கூரைக்காரருக்கு அது ஓரளவு நல்லதே. ஆனால் லயன் கூரையை வாடகைக்கு விட்டால் வாடகை யாருக்கு? கூரைச் சொந்தக்காரராகிய நிர்வாகத்துக்கு. பாரம் மட்டும் நம் தலைக்கு மேல். இதை இன்றே கேட்டு வைக்காவிட்டால் நாளை கேட்பதற்கு நேரம் இராது.

தோட்டத்துக்குப் பகலில்தான் மின்சாரம் வேண்டும்

தனி வீட்டுக்குப் பொருந்தாத கணக்கு, தோட்டம் முழுவதையும் ஒரு குடும்பமாக எடுத்துக் கொண்டால் பொருந்துகிறது. ஆலை உள்ள தோட்டத்தில் ஆலை பகலில் ஓடுகிறது. ஆலை இல்லாத தோட்டத்திலும் நீரிறைக்கும் பம்பு, ஒர்க்‌ஷாப், ஆபீஸ், ஆயாக்கொட்டகை எல்லாம் பகலில்தான் மின்சாரம் கேட்கின்றன. தன் தேவைக்கே சூரியமின்சாரம் தயாரித்துக் கொள்ள நிறுவனங்களுக்கு விதி இடம் தருகிறது.

20 வீடுள்ள லயனை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு 200 யூனிட் என்றால் மாதம் 4,000 யூனிட். ஒரு கிலோவாட்டுத் தகடு மாதம் ஏறக்குறைய 100 யூனிட் தரும். எனவே 40 கிலோவாட் போதும். 20 வீட்டுக்கும் தனித்தனியே 20 இன்வெர்ட்டர், 20 மீட்டர், 20 விண்ணப்பம் என்றில்லாமல் ஒரே ஏற்பாடாகப் போட்டால் கிலோவாட்டுக்கு ஆகும் செலவு நன்றாகக் குறைகிறது. பகலில் அந்த மின்சாரத்தைப் பம்பும் ஆபீசும் எடுத்துக் கொள்ளும். அதனால் நிர்வாகத்துக்கு மிச்சமாகும் பணத்தில் லயன் வீடுகளின் இரவுப் பில்லைக் குறைக்கலாம். முதல் போடுவது நிர்வாகம். அதற்குப் பசுமை முதலீட்டு வரிச்சலுகை 2014 முதல் உண்டு. வருமான வரி கட்டும் அளவுக்கே சம்பளம் இல்லாத பால்வெட்டுத் தொழிலாளிக்கு வரிச்சலுகையால் என்ன பயன்? எனவே சலுகை பெறுகிறவரே முதலும் போட வேண்டும் என்பதே நியாயம்.

"தொழிலாளிக்கு வீடு கொடுத்தோம், விளக்கும் கொடுத்தோம், சோலாரும் கொடுக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990 ஆம் ஆண்டுச் சட்டம் குழாய்த் தண்ணீரையும் போதிய மின்சார வசதியையும் கட்டடப் பழுதுபார்ப்பையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. முன்பெல்லாம் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும். அது நின்றதும் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்த ஜெனரேட்டரை வாங்கத் தொழிலாளியிடம் யாரும் தவணை கேட்டதில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் கேட்டதில்லை. மின்சாரம் எந்த வழியில் வந்தாலும் கடமை மாறாது. கம்பியில் வந்தால் முதலாளி பொறுப்பு, வெயிலில் வந்தால் தொழிலாளி பொறுப்பு என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகக் கூறுகிறோம். பெரிய தோட்ட நிறுவனங்களே தங்கள் நிலத்தைச் சூரியமின் நிலையங்களுக்கு ஒதுக்கத் தொடங்கிவிட்டன. தகடு விரித்த நிலத்தில் பால் வெட்ட ஆள் வேண்டாம்; குலை அறுக்க ஆள் வேண்டாம்; புல் வெட்டவும் காவல் காக்கவும் சிலர் போதும். அப்படிப்பட்ட திட்டம் எங்கே வந்தாலும், அங்கே வேலை இழப்போரின் வீடும் மறுவேலையும் முதல் நாளே எழுத்தில் வர வேண்டும்.

கூட்டாகச் செய்தவர்கள் உண்டு

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சலித்துக் கொள்வோருக்கு மூன்று சான்றுகள்.

தமிழ்நாட்டில் 2011 இல் சூரியஒளி சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியது. கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடு. அதில் 5 சூரியஒளி விளக்குகள். வீடு ஒன்றுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் என்று கணக்கிட்டு அத்தனையையும் மாநில அரசே ஏற்றது. ஆண்டுக்கு 60,000 வீடு என்பது குறி. விளக்கைத் தனியே விற்காமல் சுவரோடும் கூரையோடும் சேர்த்தே கட்டிக் கொடுத்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகில் ஓடந்துறை என்ற ஊராட்சி இருக்கிறது. அவ்வூர் மக்கள் 2006 இல் ஊராட்சிச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியே காற்றாலை வாங்கப் புறப்பட்டிருந்தால் ஒருவராலும் முடிந்திருக்காது.

மூன்றாவது சான்று நம் சொந்த வரலாறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960 இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கொடுத்து நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள் தொழிலாளர்கள். அந்தப் பணத்தில் 1961 இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து வெள்ளியால் ஒரு மரம்கூட வாங்க முடியாது. பல்லாயிரம் பத்து வெள்ளிகள் சேர்ந்தபோது தோட்டமே வந்தது. தோட்டம் வாங்கிய கூட்டுறவு வழி, தகடு வாங்கவும் உதவாமலா போகும்?

செய்ய வேண்டியவை

சொந்தக் கூரை உள்ள தோழர்கள் முதலில் கடந்த 12 மாத பில்களை எடுத்து வையுங்கள். மாதச் சராசரி யூனிட் எவ்வளவு, அதில் பகலில் எரிவது எவ்வளவு என்று பாருங்கள். மூன்று குத்தகையாளரிடமாவது விலை எழுதி வாங்குங்கள். கூரைப் பழுது, இன்வெர்ட்டர் மாற்றும் செலவு, வட்டி இவற்றைக் கூட்டிய பிறகு எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று கணக்கிடுங்கள். பத்தாண்டுக்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். வாயால் சொன்ன உறுதிக்கு மதிப்பில்லை. ஒப்பந்தத்தில் உள்ளதற்கே மதிப்பு. புரியாத ஒப்பந்தத்தைச் சங்க ஆபீசில் காட்டுங்கள். படித்துச் சொல்லக் கிராணிமார் இருக்கிறோம்.

ஒரே தாமானில் பத்து, இருபது பேர் போட விரும்பினால் கூட்டாக விலை பேசுங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கெனக் குறைந்த வட்டிக் கடன் வகுக்க வேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள்.

லயனில் இருப்போர் சொந்தக் காசில் ஒரு தகடும் வாங்க வேண்டாம். தோட்டக் கமிட்டியில் தீர்மானம் போடுங்கள். லயன் வீடுகளின் சூரியமின்சாரச் செலவு நிர்வாகத்தைச் சேர்ந்தது. கூரையை வாடகைக்கு விட்டால் வாடகையில் ஒரு பங்கு குடியிருப்போரின் மின்கட்டணத்தில் கழிய வேண்டும். கூரையில் தகடு ஏறுமுன் கூரை பழுதுபார்க்கப்பட வேண்டும். இந்த மூன்றும் மாபாவோடு பேசும் அடுத்த கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் இடம்பெற வேண்டும்.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். இனி உதவித்தொகை வகுக்கும்போது, முதலில் 16,000 வெள்ளி போட முடிந்தவரை மட்டும் எண்ணி வகுக்காதீர்கள். தோட்டத்து லயன்களையும் மலிவுவிலை அடுக்குமாடிகளையும் எண்ணி வகுங்கள். அங்கே ஒரு கூரையில் போடும் வெள்ளி இருபது குடும்பத்துக்குப் பயன்படும்.

தோழர்களே! கித்தா வந்த நாளில் அதன் லாபம் ஒரு பக்கமும் அதன் உழைப்பு மறு பக்கமும் நின்றன. செம்பனை வந்தபோதும் அப்படியே. இப்போது வெயிலுக்கும் விலை வந்திருக்கிறது. அதைப் பங்கு பிரிக்கும் பேச்சு இன்னும் முடிந்துவிடவில்லை. பேசும் மேசையில் நம் இடத்தைக் கேட்போம். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைப்போம்.